உங்களுக்குத் தெரியுமா? அணுவைக் கணக்கில் எடுக்காத பொறியியல்

● பாலம் கட்டுகிறவரும் விமானம் வடிவமைக்கிறவரும் கணக்குப் போட உட்கார்ந்ததும் முதலில் ஒரு பொய் சொல்கிறார்கள்: பொருளுக்குள் அணு என்று எதுவும் கிடையாது. இரும்போ காற்றோ தண்ணீரோ, இடைவெளியே இல்லாத ஒரே பிழம்பு. எவ்வளவு சின்னதாக நறுக்கினாலும் குணம் மாறாது. இந்தப் பொய்யின் மேல் எழுந்த துறைக்குத் தொடர்ம இயக்கவியல் என்று பெயர். கல்லூரி வழக்கில் ‘கன்டினியம் மெக்கானிக்ஸ்’. பொய் என்று தெரிந்தே சொல்கிறார்கள், அது பலிக்கவும் செய்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு மைக்ரான். பக்கத்துக்கு ஒரு மைக்ரான் உள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் காற்றில்கூட சுமார் இரண்டரைக் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. இரண்டரைக் கோடிப் பேரின் சராசரியில் ஒருவருடைய தனிக்குணம் தெரியவா போகிறது?

● பொய் செல்லாத இடமும் உண்டு. தரைமட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுமுன் சராசரியாக 70 நானோமீட்டர் தூரம்தான் போகும். 100 கிலோமீட்டர் உயரத்தில் அந்தத் தூரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்துக்கு அங்கே காற்று என்பது தனித்தனியாக வந்து அடிக்கும் துகள்கள்தான். ஆகவே அந்தக் கட்டத்துக்கு மட்டும் மூலக்கூறுகளையே கணினிக்குள் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 1960களில் கிரீம் பர்ட் வகுத்த முறை. இதைப் பார்க்க அவ்வளவு உயரம் போகவும் வேண்டாம். கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கும் அதன் மேல் மிதக்கும் படிப்பு முனைக்கும் நடுவே சில நானோமீட்டர் காற்றுதான் இருக்கிறது. அங்கேயும் வழக்கமான சமன்பாட்டைத் திருத்தாமல் பயன்படுத்த முடியாது.

● விசை வேறு, தகைவு வேறு. பத்து வருடம் சைட்டில் நின்றவர்கள்கூட இரண்டையும் மாற்றிச் சொல்வதுண்டு. 1822-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கணிதவியலாளர் கோஷி இதைத் தெளிவாக்கினார். பொருளுக்குள் ஏதாவது ஒரு புள்ளியில், கற்பனையில் ஒரு வெட்டுப் போடுங்கள். வெட்டின் இரு பக்கமும் ஒன்றையொன்று சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் விசையோடு இழுக்கின்றன, தள்ளுகின்றன, உரசுகின்றன? அதுதான் அந்த வெட்டில் தகைவு. வெட்டைக் கொஞ்சம் சாய்த்தால் விடை மாறிவிடும். புள்ளி அதேதான், சுமையும் அதேதான், ஆனால் வெட்டுகளுக்குக் கணக்கில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று வெட்டுகளுக்கு விடை தெரிந்தால் மீதி அத்தனைக்கும் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டியதுதான் கோஷியின் கெட்டிக்காரத்தனம். வெட்டுக்கு மூன்று எண்களாக மொத்தம் ஒன்பது. அந்தத் துண்டு தானாகச் சுழலக்கூடாது என்ற நிபந்தனை அவற்றில் மூன்றைக் கழித்துவிடும். மிச்சம் ஆறு. இன்று அணைக்கட்டு முதல் செயற்கை இடுப்பு மூட்டு வரை, கணினி ஒவ்வொரு புள்ளியிலும் தேடுவது அந்த ஆறு எண்களைத்தான்.

● வெட்டைச் சாய்த்தால் விடை மாறும் என்பதில் நம்பிக்கை வரவில்லையா? இரண்டு சாக்பீஸ் எடுங்கள். ஒன்றை வளைத்து உடையுங்கள். ஏறக்குறைய நேர்குறுக்காக, பட்டென்று உடையும். மற்றதை இரு முனையிலும் பிடித்து, வளைக்காமல், துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். இப்போது உடைந்த முகம் சுருண்டு, 45 பாகையில் சாய்ந்து, திருகாணியின் மரைபோல ஏறியிருக்கும். முறுக்கும்போது குறுக்கு வெட்டில் இழுவிசை கொஞ்சமும் கிடையாது. உரசும் விசை மட்டும்தான். அதே முறுக்கு, 45 பாகை சாய்ந்த வெட்டில் முழு இழுவிசையாகத் தெரியும். சாக்பீஸ் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால் தன்னை அதிகமாக இழுக்கும் வெட்டு எதுவோ அதில் பிளந்துகொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் மைல்டு ஸ்டீல் கம்பியை முறுக்கிப் பார்த்தவர்களுக்கு நேர்மாறான காட்சி நினைவிருக்கும்: பல சுற்று முறுக்கு வாங்கிக்கொண்டு, கடைசியில் கத்தியால் அரிந்ததுபோல் தட்டையாக முறியும். அது உரசும் விசைக்குத்தான் முதலில் பணிகிறது. முறிந்துபோன அச்சுத்தண்டைக் கையில் வாங்கும் அனுபவஸ்தர் வேறு எதையும் கேட்குமுன் முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான்.

● ஒரு பொருளை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு நீளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் வெளியிட்டார், ஆனால் யாருக்கும் புரியாதபடி. லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளையும் அகரவரிசையில் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். இரண்டு வருடம் கழித்து 1678-இல் தானே விடையையும் சொன்னார். முதலில் கண்டவர் நான் என்ற உரிமையும் வேண்டும், வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. காப்புரிமை அலுவலகம் இல்லாத காலத்தில் இப்படியும் ஒரு வழி.

● உத்தரம் எவ்வளவு தாங்கும் என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதி 1638-இல் ஹாலந்தின் லைடனில் அச்சான நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. விடை தப்பு! சுவரில் செருகிய உத்தரம் முறியும்போது அதன் வெட்டுமுகம் முழுவதும் ஒரே சீராக இழுபடுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் மேல்பாதி இழுபடுகிறது, கீழ்ப்பாதி அமுங்குகிறது, நட்டநடுவே ஒன்றுமே இல்லை. இதனால் அவர் கணக்கில் வந்த பலம் சரியான பலத்தைப்போல மூன்று மடங்கு. ஆனாலும் அகலத்தைவிட உயரமே முக்கியம், உயரத்தை இரட்டித்தால் பலம் நான்கு மடங்காகும் என்று அவர் சொன்னது அப்படியே நிற்கிறது. நடுவில் வேலை குறைவு என்பதால்தான் இரும்பு உத்தரங்கள் நடுவில் ஒல்லியாகவும் மேலும் கீழும் பட்டையாகவும் ‘ஐ’ வடிவில் வருகின்றன.

● ரயிலில் ‘தடக் தடக்’ சத்தம் குறைந்துபோனதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே வெயிலுக்கு விரிய இடம் விட்டிருந்தார்கள். இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்து ஒரே நீளமாக்கிவிட்டார்கள். அப்படியானால் விரிவு எங்கே போனது?

இங்கேதான் திரிபும் (நீளம் மாறும் அளவு) தகைவும் தனித்தனி என்பது உறைக்கும். எஃகின் வெப்பநிலை 30 டிகிரி ஏறினால், கட்டற்றுக் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 36 சென்டிமீட்டர் நீளும். நீளம் மாறுகிறது, உள்ளே தகைவு துளியும் இல்லை. அதே தண்டவாளத்தைக் கட்டைகளோடு இறுக்கிப் பிடித்துவிட்டால் நீளம் மாறாது. ஆனால் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் அமுக்கம் ஏறியிருக்கும். நம் ரயில்வேயில் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் வெட்டுமுகம் ஏறக்குறைய 77 சதுர சென்டிமீட்டர். ஆக, வெறும் வெயிலால் ஒவ்வொரு தண்டவாளத்துக்குள்ளும் 55 டன்னுக்கு மேல் அமுக்கம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் இந்தக் கணக்கில் நீளத்துக்கு வேலையே இல்லை. ஒரு கிலோமீட்டரானாலும் நூறானாலும் அதே 55 டன்தான். ஜல்லி சரியாக இறுகாத இடத்தில் அது பக்கவாட்டில் நெளிந்து வெளியே வரும். கோடை மதியங்களில் தண்டவாளத்தோரம் ஆட்கள் ரோந்து நடப்பது இந்த நெளிவைத் தேடித்தான்.

● ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு இழுத்தால், ஓட்டையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. ஓட்டை சின்னதா பெரியதா என்பது பொருட்டல்ல. அகன்ற தகட்டில் குண்டூசித் துளைக்கும் அதே மூன்றுதான். ஜெர்மானியரான கிர்ஷ் 1898-இல் காட்டிய கணக்கு இது. 1913-இல் இங்கிலீஸ் என்ற ஆங்கிலேயர் நீள்வட்ட ஓட்டைக்குக் கணக்கிட்டார். ஓட்டை ஒடுங்கி நுனி கூர்மையாக ஆக, மடங்கு ஏறிக்கொண்டே போகிறது. விரிசல் என்பது மிக ஒடுங்கிய ஓட்டைதானே! தகட்டில் விரிசல் ஓடினால் அதன் நுனியில் மெக்கானிக் டிரில் வைத்து ஒரு வட்டத் துளை போடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கூர்நுனியை மழுக்குகிறார், அவ்வளவுதான்.

● இதே விஷயம் ஆகாயத்தில் உயிர்களைக் குடித்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட் 1952 மே 2-இல் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவையைத் தொடங்கியது. 1954 ஜனவரி 10-இல் எல்பா தீவருகே ஒன்றும், ஏப்ரல் 8-இல் நேப்பிள்ஸ் அருகே ஒன்றும் நடுவானில் சிதறின. ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் இன்னொரு கோமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறந்து இறங்குவதுபோல உள்ளழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன்? காற்று அமுங்கும், அமுங்கிய காற்று சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல், விரிசல் விழுந்ததும் வெடித்து உடலைச் சுக்குநூறாக்கி, எங்கே தொடங்கியது என்ற தடயத்தையே அழித்துவிடும். தண்ணீர் அமுங்குவது மிகக் குறைவு. விரிசல் விழுந்த கணமே அழுத்தம் சரிந்துவிடும், தடயம் அப்படியே நிற்கும். உண்மையாகப் பறந்தது, தொட்டியில் ‘பறந்தது’ இரண்டும் சேர்த்து 3,057 முறையில் உடல் கிழிந்தது, ஒரு திறப்பின் மூலையில்.

சதுர ஜன்னல்தான் குற்றவாளி என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள். எல்பா அருகே கடலிலிருந்து எடுத்த சிதைவில் கிழிசல் தொடங்கிய இடம், பயணிகள் எட்டிப் பார்க்கும் ஜன்னலே அல்ல. கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பு. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், கதைக்கு ஜன்னல் எடுப்பாக இருக்கிறது.

● இழுத்தால் நீளும், கூடவே இடுப்பும் ஒடுங்கும். அந்த விகிதம் எல்லாப் பொருளுக்கும் கால்தான் என்று கணிதவியலாளர் பாய்சான் கணக்கிட்டார். அணுக்கள் ஒன்றையொன்று இப்படித்தான் இழுக்கும் என்று ஊகித்து அதிலிருந்து வந்த விடை அது. அளந்து பார்த்தால் எஃகுக்குச் சுமார் 0.3, ரப்பருக்கு ஏறக்குறைய அரை, பாட்டில் மூடும் தக்கைக்குப் பூஜ்யத்தை ஒட்டி. அணுவை விட்டுவிட்டுத் தொடர்மமாகப் போட்ட கணக்கோ, இந்த எண் பொருளுக்குப் பொருள் மாறும் என்று முன்பே இடம் வைத்திருந்தது. அந்தச் சுற்றில் பொய்தான் ஜெயித்தது. 1987-இல் ராடெரிக் லேக்ஸ் என்பவர் இழுத்தால் பருக்கும் ஒரு ஸ்பாஞ்சையே செய்து காட்டினார்.

● லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, அதன் முன்னே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாகைமானியைப் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். பாகைமானி முழுக்க வானவில் வரிகள்! வார்க்கும்போது உள்ளே உறைந்துபோன தகைவுதான் அந்த வரிகள். லேசாக வளைத்தால் வரிகள் நகரும். 1815 வாக்கில் டேவிட் ப்ரூஸ்டர் கண்டுபிடித்த விளைவு இது. கணினி வரும்வரை பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்து இந்த வரிகளை எண்ணித்தான் பல சிக்கலான பாகங்களின் தகைவை அறிந்தார்கள்.

● ஓடும் நீரைக் கவனிக்க இரண்டு வழி: ஒரே இடத்தில் நின்று கடந்துபோவதை அளக்கலாம், நீரோடு கூடவே போயும் அளக்கலாம். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவைகள் முதல் வகை. கடல்நீரோடு அலையும் ஆர்கோ மிதவைகள் இரண்டாம் வகை. புத்தகங்கள் முதல் முறைக்கு ஆய்லர் பெயரையும் இரண்டாவதற்கு லக்ராஞ்சு பெயரையும் சூட்டுகின்றன. வரலாற்றைத் தோண்டிய டுரூஸ்டெல் சொல்வது வேறு: முதலாவது தலம்பேருடையது, இரண்டாவதுதான் ஆய்லருடையது. பெயர் வைப்பதில் மட்டும் விஞ்ஞானிகளை நம்பக்கூடாது.

● ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தாமஸ் பார்னெல் ஒரு கண்ணாடிப் புனலில் கருங்கீலை உருக்கி ஊற்றினார். மூன்று வருடம் அடங்கவிட்டு 1930-இல் புனலின் காம்பை வெட்டித் திறந்தார். 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டு. அதே கீலைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோலத் தெறிக்கும். திடமா திரவமா என்ற கேள்விக்கு, எவ்வளவு நேரம் பார்க்கப்போகிறீர்கள் என்ற எதிர்க்கேள்விதான் பதில். பொருள் இளக எடுக்கும் காலத்தை நாம் பார்க்கும் காலத்தால் வகுத்து, அந்த எண்ணுக்குப் பைபிளில் வரும் பெண் தீர்க்கதரிசி தெபொராளின் பெயரை வைத்தார் மார்க்கஸ் ரைனர்.

ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பது கண்ணாடி வழிந்ததால் என்பது மட்டும் கட்டுக்கதை. அந்தக் காலத்தில் கண்ணாடி வார்த்த விதமே அப்படி.

● முட்டையின் வெள்ளைக்கருவைப் பீட்டரால் அடிக்கும்போது அது ஓரத்துக்கு ஓடாமல் கம்பியைப் பிடித்து மேலே ஏறும். தண்ணீர் இப்படிச் செய்யாது. நீண்ட மூலக்கூறுகள் சுற்றுவட்டத்தில் இழுபட்டு நடுவை நெருக்குகின்றன. வழியின்றி அது மேலே ஏறுகிறது. பெயர் வைசன்பர்க் விளைவு.

● அமெரிக்காவின் டகோமா பாலம் 1940 ஜூலை 1-இல் திறந்து நவம்பர் 7-இல் விழுந்தது, மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான காற்றில். ஒத்ததிர்வுக்கு உதாரணமாக இயற்பியல் புத்தகங்கள் இதைத்தான் காட்டும். தூக்கிப் போட வேண்டிய உதாரணம். பாலத்தின் பின்னால் காற்றுச் சுழல்கள் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் உதிர்ந்திருக்கும். பாலமோ ஐந்து நொடிக்கு ஒருமுறைதான் திருகியது. தாளம் ஒத்துப்போகவே இல்லை. திருகிய தளம் தன் மேல் படும் காற்றின் விசையை மாற்றியது, மாறிய விசை திருகலை இன்னும் வளர்த்தது. விமான இறக்கைக்காரர்கள் ஃபிளட்டர் என்று அஞ்சும் அதே ஆபத்து. பில்லா, ஸ்கான்லன் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் இதை விரிவாக எழுதியும் பாடப்புத்தகங்கள் முழுதாக மாறவில்லை.

● சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் வரும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதங்களில் போகும். அதனால் பெரும்பாலான தோல் கருவிகளுக்குத் திட்டமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலைக்கு மட்டும் எப்படி வந்தது? நடுவே கருப்பாக இருக்கும் கரணையால். கல்பொடியும் சோறும் பிசைந்து, மெல்லிய அடுக்கு அடுக்காகத் தேய்த்து ஏற்றும் அந்தப் பாரம், தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி அதிர்வுகளை இழுத்து வரிசைப்படுத்துகிறது. சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரை. ஒன்பது விதமான அதிர்வு வடிவங்கள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்ற கணக்கைக் கைவினைஞர்கள் காதாலேயே போட்டுவைத்திருந்தார்கள்.

● நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23-இல் ஸ்லெய்ப்னர்-ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காகத் தாழ்த்தப்பட்டபோது, ஒரு சுவர் பிளந்து கடலுக்குள் போனது. அடியில் நொறுங்கிய அதிர்ச்சி 3.0 ரிக்டர் நிலநடுக்கமாகப் பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் 70 கோடி டாலர் அளவு. கட்டமைப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தகைவு காணும் கணினி முறையில், அந்தச் சுவர் சந்திப்பில் கட்டங்களைப் பெரிதாகவும் கோணலாகவும் போட்டிருந்தார்கள். சுவரைக் குறுக்கே வெட்டும் விசையை மென்பொருள் 47 சதவீதம் குறைத்துச் சொன்னது. அதற்கேற்பக் கம்பியும் குறைந்தது. பிறகு ஒழுங்காகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். தியரி சரியாகவே இருந்திருக்கிறது!

● ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்தைச் சுற்றிப் பொறித்த 72 பெயர்களில் இந்தத் துறையை வளர்த்த கோஷி, நேவியர், பாய்சான், லாமே, டிரெஸ்கா எல்லாரும் உண்டு. தகடுகளின் அதிர்வுக்குக் கணக்கு வகுத்து, மூன்றாவது முயற்சியில் 1816-இல் பாரிஸ் கழகத்தின் பரிசை வென்ற சோஃபி ஜெர்மைன் இல்லை. 72-இல் ஒரு பெண்கூட இல்லை.

● பாகுத்தன்மையுள்ள திரவம் எப்படி ஓடும் என்ற சமன்பாட்டை முதலில் எழுதியவர் நேவியர், 1822-இல். மூலக்கூறுகளுக்கு இடையேயான விசை என்று தொடங்கி, காரணம் சரியில்லாமலே சரியான சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். 1845-இல் ஸ்டோக்ஸ் மூலக்கூறே இல்லை என்று வைத்துக்கொண்டு அதே சமன்பாட்டை எழுதினார். கார், ராக்கெட், வானிலை, இதய வால்வு எல்லாவற்றுக்கும் இன்று கணினிகள் அதைத்தான் தோராயமாகத் தீர்க்கின்றன. ஆனால் முப்பரிமாணத்தில் அதற்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு இருக்கிறதா என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த ஏழு கேள்விகளில் இதுவும் ஒன்று. விடைக்குப் பத்து லட்சம் டாலர். ஏழில் இதுவரை தீர்ந்தது வேறொன்று. அதைத் தீர்த்த ரஷ்யர் பெரல்மான் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.